அக்கா வரைந்த தண்ணீர்

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் நான் வாய் தவறிச் சொன்ன ஒரு வரியிலிருந்து இந்தக் கதை வந்தது. வாய் தவறி என்றுகூடச் சொல்ல முடியாது. மனதாரத்தான் சொன்னேன். அதுதான் சிக்கல்.

என் அக்கா ஒரு வீடியோ கேம் ஸ்டூடியோவில் ஓவியர். அவள் கணவர், என் அத்தான், அங்கேயே புரோகிராமர். அவர்கள் செய்த விளையாட்டில் ஒரு படகோட்டி சதுப்பு நீரைக் கடந்து ஆட்களை அக்கரையில் கொண்டுபோய் விடுகிறாள். அவ்வளவுதான். துடுப்பு நம் கையில். டிவியில் மாட்டி ஆடும் பெரிய மெஷினுக்குப் போன வருடமே வந்துவிட்டது. அக்கா வீட்டில் அவளோடு வாயடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஆடியிருக்கிறேன். இப்போது அதைக் கைக்குள் அடங்கும் சின்ன மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியிடுமுன் ஆடிப் பார்க்கச் சொல்லி அத்தான் எனக்கு ஒன்று கொடுத்திருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அத்தான்.

"பிரமாதம் அத்தான். துடுப்பு கையோட ஒட்டிக்கிட்டு வருது. பெரிசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல."

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. "ஒரு வித்தியாசமும்?"

"ஒண்ணுமே இல்லக்கா."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. இரண்டு வருடமாக அவள் வரைந்தது அந்த விளையாட்டின் தண்ணீரை. சின்ன மெஷினில் அந்தத் தண்ணீர் இல்லை. வெறும் நீல விரிப்புதான் இருந்தது.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"துடுப்பு தண்ணீரைத் தொட்டதும் வட்டம் வட்டமாக அலை விரிந்து…"

(விட்டுவிட்டேன். நான் தண்ணீரையே பார்க்கவில்லை என்பதுதானே என் மேலிருக்கும் குற்றச்சாட்டு?)

பிறகு இப்படி:

"விளையாட நன்றாக இருந்தால் போதுமா, பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி காலங்காலமாக…"

(காலங்காலமாக யாரும் கேட்கவில்லை. நான்தான் திங்கட்கிழமை காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.)

3

முதல் வரைவில் அத்தான் வில்லனாகிவிட்டார். மனைவியின் உழைப்பைக் கண்ணிமைக்காமல் அழித்தவர். படித்துப் பார்த்தால் யாரோ ஒருவர் மாதிரி இருந்தது. அத்தான் ஒரு எறும்பை ஒதுக்கவும் காகிதம் தேடுகிறவர்.

அவர் பக்கத்து நியாயத்தை அவர் வாயாலேயே கேளுங்கள்: "செகண்டுக்கு முப்பது படம் ஓடணும்மா. தண்ணியோட சேர்த்தா பதினெட்டுதான் ஓடுச்சு. துடுப்பை இழுத்தா, படகு யோசிச்சு யோசிச்சு நகருது. அதை எப்படி ஆளுங்க கையில குடுக்கறது? நான் எடுக்கலேன்னா கேமே இல்ல."

பதிலுக்கு அக்கா ஒன்று செய்தாள். விளையாட்டின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில், தண்ணீர் என்ற இடத்தில் தன் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பட்டியல் வெள்ளிக்கிழமை அனுப்பப்பட வேண்டும்.

"நீ கொஞ்சம் பேசிப் பாரும்மா" என்றார் அத்தான். "எங்கிட்ட உப்பு எங்கேன்னு கேக்கறதோட சரி."

4

புதன்கிழமை ஸ்டூடியோவுக்குப் போனேன். அக்கா எதுவும் கேட்காமல் பெரிய மெஷினைப் போட்டுத் துடுப்பை என் கையில் கொடுத்தாள். படகில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க எங்க போறாங்க?"

"சந்தைக்கு. அவங்களே சொன்னாங்களே."

"சொன்னாங்க. சின்னதுல இவங்களை எவ்வளவு நேரத்துல கொண்டுபோய் விட்டே?"

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட்." பெருமையாகத் தொடங்கினேன், முடிக்கும்போது குரல் இறங்கியிருந்தது.

"இப்போ நடுவுல நிறுத்து. துடுப்பைத் தொடாதே."

நிறுத்தினேன். அலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தண்ணீர் தெளிந்தபோது அதில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. தலை குனிந்து, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சந்தைக்குப் போகிறவள் அல்ல.

எனக்குப் பின்னால் டீக் கோப்பையோடு அத்தான் வந்து நின்றிருந்தார். "இது எனக்குத் தெரியாதே" என்றார்.

"நாலு வருஷமா பக்கத்து நாற்காலிதான்" என்றாள் அக்கா.

"நான் படகை நிறுத்தினதே இல்ல. ஓடுதான்னு பாக்கறதுதானே என் வேலை? தண்ணி அழகுக்குன்னு நெனச்சேன்."

"நீங்க கேக்கவே இல்ல."

"நீ சொல்லவும் இல்ல."

"சொன்னா அதுல என்ன இருக்கு? ஆடறவங்களாக் கண்டுபிடிக்கணும்."

(ஒரு குறிப்பு: பெரிய மெஷினில் ஆடியவர்கள் ஸ்டூடியோவுக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களில் அந்த முகத்தைப் பற்றிச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று பிறகு கேட்டேன். ஏழு பேர். ஏழு பேருக்காகவா என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டேன். எட்டாவது ஆளாக நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன்.)

5

அத்தான் கோப்பையை வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் என்னவோ கணக்குப் போட்டார். "தண்ணி முழுக்க முடியாது. ஆனா முகம் மட்டும், அதுவும் படகு நின்னா மட்டும்னா, முடியும். அதுக்கு மெஷின்ல இடம் வேணும், வேற எதையாவது எடுக்கணும்."

"எவ்வளவு?"

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நாணல் மொத்தமும்."

இரண்டு கரையிலும் காற்றில் அசையும் நாணல். அதுவும் அவள் வரைந்ததுதான்.

"அப்போது அக்காவின் மனதில்…"

(எனக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.)

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் எடுத்துடறேன்" என்றார் அத்தான்.

"வேண்டாம். நீங்க எடுத்தா நான் சண்டை போடணும்."

இடது கரையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். பிடிபிடியாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. "இது காத்தடிச்சா இந்தப் பக்கமா சாயும்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு அதையும் அழித்தாள். அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. ஐந்து மணிக்கு இரண்டு கரையும் மொட்டை.

(இந்த இடத்தில் அந்த அறையின் ஜன்னல், வெளியே நின்ற மரம், வெயில் நகர்ந்த விதம் என்று ஒரு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்குமா? உண்மையாகவே கேட்கிறேன்.)

வியாழக்கிழமை மதியம் சின்ன மெஷினைக் கொண்டுவந்து ஆடிக் காட்டினார் அத்தான். துடுப்பு கையோடு வந்தது. நிறுத்தினால் முகம் வந்தது.

"கொஞ்சம் மங்கல்தான்" என்றார்.

"அழறது தெரியுதா?"

"தெரியுது."

அக்கா அவர் கையிலிருந்து அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. இதற்கு மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில் அக்கா தன் பெயரைத் திரும்பச் சேர்க்கிறாள். எல்லோருக்கும் நல்லதாக முடிகிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இன்னொன்றில் சேர்க்கவில்லை: ஒரு முகம் போதும், ஆனால் ஒரு முகம் தண்ணீர் ஆகாது என்கிறாள். மூன்றாவதில் தண்ணீருக்கு எதிரே அக்கா, அத்தான் இருவர் பெயரும் சேர்ந்து வருகிறது. அதைப் படித்துக் காட்டியபோது அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார், காரணம் சொல்லவில்லை.

அக்காவிடமே கேட்டேன். "கதைதானேடி, உனக்கு எது வேணுமோ எழுதிக்கோ" என்றாள். இப்போது அத்தானிடம் உப்பைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறாள். ஆனால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

விளையாட்டு வெளியாகி மூன்று மாதம் ஆகிறது. கடைசிப் பயணியை இறக்கிவிட்டால் பெயர்கள் ஓடும். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. கரை மொட்டையாக இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். பார்க்க நன்றாக இல்லை. ஆனால் ஒவ்வொருவரையும் ஏற்றிக்கொண்டு போகும்போது நடுத்தண்ணீரில் நிறுத்திவிடுகிறேன். ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் தூங்கிப்போயிருந்தார். ஒரு பெண் தண்ணீருக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் எனக்கு முன்பே அக்கரை சேர்ந்துவிடலாம். சேர்ந்தால், தண்ணீர் என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறதென்று பாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். இப்போதுதான் ஒருவர் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.