மேற்குப் பக்கத்து இலைகள்

திராட்சைக்கு வெயில் வேண்டும். எந்த வெயில் என்று கேட்கிற ஆள்தான் எங்கள் குடும்பத்தில் கிடையாது. பாலிக் புலாவ் தோட்டத்தில் பட்டுப்போன ஜாதிக்காய் மரங்களை எடுத்துவிட்டு நான் மஸ்கட் திராட்சைக் கொடி போட்டபோது, பைத்தியம் என்று சொல்லாதவர் என் கணவர் குகன் ஒருவர்தான். அதனால் அவருக்கு மட்டும் உட்கார்ந்து விளக்கினேன். இலை மூடியே கிடந்தால் பழத்தில் பச்சை வாடை நிற்கும். காலை வெயில் பட்டால் தோலில் பூவாசம் சேரும். மத்தியானச் சூடு பட்டால் அந்த வாசம் வெந்துபோகும். ஆகவே கொத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கத்து இலைகளை மட்டும் கிள்ளுவேன், மேற்கைத் தொடமாட்டேன்.

மாக் மண்டினில் பழ ஒயின் செய்கிற லிம், பூவாசம் இருந்தால் இனி வருகிற விளைச்சல் எல்லாம் தனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். இல்லையென்றால் நிலம் பங்களா கட்டுகிறவனுக்குப் போகும். நிலம் குகனுக்கும் அவர் அண்ணன் சுப்பையாவுக்கும் பொது. அண்ணன் எப்போதோ விற்கத் தயார். குகன்தான் எனக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பினேன்.

ஆயுத பூசையன்று காலையில் கத்தரிகளைக் கழுவி, சந்தனம் பூசி, சாமி முன்னால் வைத்துவிட்டு ஜெலுத்தோங்கில் அம்மா வீட்டுக்குப் போனேன். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள் என்ற தைரியம். இலை கிள்ள விரல் போதும் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் கம்பத்துக்குக் கம்பம் குங்குமப் பொட்டு, மாலை. கொடிகள் இரண்டு பக்கமும் மொட்டை.

"சாமி கும்புடறப்ப கொத்து தெரிய வேணாமாம்மா? சுத்தம் பண்ணோம் லா," என்று சிரித்தார் சுப்பையா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூசை என்று சொன்ன பிறகு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த வாரம் முழுக்க வெயில் கொளுத்தியது. வலை கட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. லிம் வந்து ஒரு பழத்தை நசுக்கி முகர்ந்தார். இன்னொன்றையும் முகர்ந்தார். ஜாம் காய்ச்சின வாடைதான் வருகிறது, பூ இல்லை என்று மலாயில் சொல்லிவிட்டு காரில் ஏறிவிட்டார். சுப்பையா ஒரு கொத்தைப் பறித்துத் தின்றார்.

"இனிப்பாத்தானே இருக்கு?"

இனிப்பு இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"மேக்குப் பக்கத்தையாச்சும் விட்டிருக்கலாமே மாமா!" என்று கத்தினேன்.

"என்னைய ஏம்மா ஏசற? எனக்கு மேக்கும் தெரியாது, கெழக்கும் தெரியாது. இந்தப் பக்கத்தையும் கிள்ளுங்கன்னு தம்பிதான் காட்டுனான்."

குகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளு துளசி இந்தத் தோட்டத்துலயே கெடக்கறது? வித்துடலாம்னு நேரா சொன்னா நீ கேப்பியா?"

கேட்டிருப்பேன். அழுதுகொண்டாவது கேட்டிருப்பேன். இப்போது கையெழுத்துப் போட்டாயிற்று, கொடியெல்லாம் போயிற்று. அவரிடம் நான் எதையும் விளக்குவதில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால்கூட, மூடியைத் திறந்து பாருங்கள் என்கிறேன்.