முள் எடுத்த மீன்

வீட்டுப் பூனை சிட்டு நேராக நடந்து வந்து காஸ் சிலிண்டரில் முட்டிக்கொண்டது. பிரபாவதி முதலில் சிரித்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். பூனை ஓரடி பின்வாங்கி, தலையை உதறிவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் போய் முட்டியது. அவள் மோர் கடைவதை நிறுத்திவிட்டு அதன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். இமை அசையவில்லை. ஜன்னல் வெயில் நேராக விழுந்தும் கண்ணின் கருப்பு சுருங்காமல் அகலமாக விரிந்து கிடந்தது. நாலைந்து நாட்களாகவே அது சுவரை ஒட்டியே நடந்து வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

திருப்பருத்திக்குன்றத்தில் ஜைனக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. கணவர் ஜீவகுமார் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் அடைமழையில் சாக்கடை ஓரமாகக் கத்திக்கொண்டிருந்த குட்டியை அவர்தான் தூக்கி வந்தார். அன்றிலிருந்து அதற்குப் பாலும் சோறும், தயிர்ச்சோறும், நெய் தடவிய இட்லியும்தான். பல்லியையும் அணிலையும் பிடித்துவிடக் கூடாது என்று கழுத்தில் சின்ன மணி ஒன்றைக் கட்டிவிட்டாள் பிரபாவதி. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “எங்க சிட்டு ஒரு பல்லியக்கூடத் தொட்டதில்ல” என்று சொல்லிக்கொண்டாள். பூனைகூட விரதம் இருக்கிற வீடு என்று அவர்கள் வியந்தபோது, தனக்கே ஏதோ ஒரு புண்ணியம் சேர்வதுபோல மனம் நிறைந்தது.

ஒயர் கூடையில் துணி விரித்து, அதில் பூனையை வைத்து, ஆட்டோவில் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனாள். கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

“என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?”

“தயிர்ச்சோறு, பாலு, இட்லி.”

“மீனு, கறி?”

“நாங்க ஜைனருங்க டாக்டர்.”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “நாயின்னா சோறு, பருப்பு, முட்டைன்னு ஒரு மாதிரி ஓட்டிடலாம்மா. பூனையால முடியாது. அதுக்கு வேண்டிய ஒரு சத்து மாமிசத்துலதான் இருக்குது. அது இல்லாம கண்ணுக்குள்ள இருக்குற திரை கெட்டுப்போச்சு. பார்வை இனிமே திரும்பாது. இதயமும் வீங்கியிருக்குது. அத வேணா காப்பாத்திப் பாக்கலாம். மாத்திரை எழுதித் தரேன். ஆனா சாப்பாடு மாறணும்.”

பிரபாவதி கூடையின் பிடியை இறுகப் பிடித்திருந்தாள். டாக்டர் பூனையின் பாதங்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தரைய எதால துடைக்கிறீங்க?” என்று கேட்டாள்.

“பினாயில்தான். தெனமும் துடைப்பேன்.”

“நிறுத்திடுங்க. காலை நக்கும்போது வயித்துக்குள்ள போயிடும். வெறும் தண்ணி போதும்.”

திரும்பி வரும்போது ஆட்டோ எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவள் வீட்டில் எதுவுமே அழுக்காக இருந்ததில்லை. தரையும் சுத்தம், அடுப்பும் சுத்தம், பூனையின் தட்டும் சுத்தம்.

ஜீவகுமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பூனை அவர் காலை மோந்து கண்டுபிடித்து மடியில் ஏறியது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“இந்த ஒரு உசுருக்கு தெனம் எத்தன உசுர கொல்லணும் சொல்லு.”

“இதுக்குக் கண்ணு போச்சே. அது யார் பண்ணது?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “வீட்டுக்குள்ள மட்டும் வேணாம்” என்றார்.

பின்கட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் எஸ்தரின் வீடு. ஜாக்கெட் தைப்பவள். கணவன் டேனியல் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ் ஓட்டுகிறான். எட்டு வருடப் பழக்கம். மதிலுக்கு மேலே பேசாத நாளில்லை. ஆனால் பிரபாவதி அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் இவளுக்காகவே முட்டை போடாமல் கேக் செய்து கொடுத்தாள். பிரபாவதி சிரித்து வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் அதைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எஸ்தர் துணி உலர்த்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப்பற்றி இருவருமே பேசியதில்லை.

இப்போது அதே மதிலருகில் நின்று பிரபாவதி விஷயத்தைச் சொன்னாள். எஸ்தர் முழுவதையும் கேட்டாள்.

“நான் போடுறேன்க்கா. அது ஒண்ணும் பெரிய வேல இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “தட்டு உங்க வீட்டுதா, எங்க வீட்டுதா?” என்றாள்.

பிரபாவதி மதிலில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினாள். “உங்களுதே இருக்கட்டும்மா” என்று மெதுவாகச் சொன்னாள். எஸ்தர் தலையாட்டினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஒரு மாதம் அப்படிப் போனது. தினமும் மத்தியானம் மீன் வேகும் வாசனை வந்ததும் சிட்டு பின்கட்டுக்கு வந்து நிற்கும். பிரபாவதி அதைத் தூக்கி மதிலுக்கு மேலே நீட்டுவாள். எஸ்தரின் கைகள் வாங்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துத்தான் தருவாள் எஸ்தர். பூனையின் மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. மயிரில் பளபளப்பு வந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது.

ஆவணி கடைசியில் ஜைனர்களின் பத்து நாள் பர்வம் தொடங்கியது. ஜீவகுமார் மாலையில் ஒருவேளை மட்டுமே சாப்பிட்டார். அந்தச் சமயத்தில்தான் திருப்புட்குழியில் இருக்கும் எஸ்தரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். டேனியலும் எஸ்தரும் அவசரமாகக் கிளம்பினார்கள். கிளம்பும்போது எஸ்தர் பின்பக்கத்துச் சாவியைக் கொடுத்தாள்.

“திரும்ப எத்தன நாள் ஆவும்னு தெரியலக்கா. பின்னாடி அடுப்பு இருக்குது, சட்டி இருக்குது. உப்பு போடாதீங்க. வெங்காயம், பூண்டு எதுவும் ஆவாது. வெந்தப்புறம் முள்ளு எடுத்துட்டுத்தான் வெக்கணும். கண்ணு தெரியாதது, தொண்டையில மாட்டிக்கும்.”

முதல் நாள் பிரபாவதி தயிர்ச்சோறு வைத்தாள். சிட்டு மோந்து பார்த்துவிட்டு மதிலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டாம் நாளும் தொடவில்லை. மாத்திரையைக் கக்கியது. மூன்றாம் நாள் அதன் விலா மறுபடியும் வேகமாக ஏறி இறங்க ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் தெருமுனையில் மொபெட்டில் வந்த மீன்காரரை நிறுத்தினாள். அவர் அவளைப் பார்த்தார். கோயிலுக்கு வருகிற அம்மா என்று அவருக்குத் தெரியும்.

“யாருக்கும்மா?”

“பூனைக்கு.”

வேறு எதுவும் கேட்காமல் மத்தியை வெட்டிச் சுத்தம் செய்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினாள். எஸ்தர் வீட்டுப் பின்கட்டில் விறகு மூட்டிச் சட்டியை ஏற்றினாள். தண்ணீர் கொதித்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நவகார மந்திரம் சொல்ல வாயெடுத்து, இந்த இடத்தில் சொல்லலாமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

ஆறியபின் முள் எடுக்க வேண்டியிருந்தது. முதலில் கரண்டியால் முயன்றாள். சதை பிய்ந்தது. சின்ன முட்கள் தெரியவில்லை. கண்ணால் பார்த்து முடியாது, விரலால்தான் தொட்டுத் தேட வேண்டும் என்று புரிந்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வெந்த சதையை விரல்களுக்கு இடையில் வைத்து நசுக்கி, மயிரிழை போன்ற ஒவ்வொரு முள்ளாக உருவி இலையில் வைத்தாள். சிட்டு அவள் கணுக்காலில் உரசிக்கொண்டு முனகியது. எஸ்தரின் தட்டில் போட்டதும் முகம் புதைத்துத் தின்றது. தட்டு காலியானதும் அவள் விரல்களைத் தேடி வந்து ஒவ்வொன்றாக நக்கியது. அதன் நாக்கு சொரசொரவென்று சூடாக இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நிமிர்ந்தபோது மதிலுக்கு அப்பால் ஜீவகுமார் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் மதில்மேல் கை வைத்துப் பூனையைப் பார்த்தார், இலையில் குவிந்திருந்த முட்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“பொழுது சாயப்போகுது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சூரியன் அடங்குவதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் நாளை மாலைதான். பிரபாவதி வீட்டுக்கு ஓடிவந்து குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். மோந்து பார்த்தாள். எலுமிச்சை மூடியால் தேய்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நகக்கண்ணில் எரிந்தது. மறுபடியும் மோந்து பார்த்தாள், மீன் வாசனை போகவில்லை. உள்ளே அவர் தட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவர் தானாகப் பரிமாறிக்கொள்ளவும் இல்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை. மதில்மேல் ஒரு கோடாக மிச்சமிருந்த வெயில் பின்கட்டுத் தென்னையின் நடுத்தண்டுக்கு நகர்ந்து, பிறகு அங்கிருந்தும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஈரக் கைகளை உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்தபடி குழாயடியிலேயே நின்றாள். தண்ணீர் விரல் நுனிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.