தட்டின் மேல் ஒரு கை

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பாட்டு நேரம் இருபதே நிமிடம். அதற்குள் முந்நூறு பேர் சாப்பிட்டு எழ வேண்டும். தட்டு எடுப்பது என் வேலை. பேச்சுவாக்கில் யாராவது சாப்பிடுவதை நிறுத்தினால் போதும், தட்டு என் தள்ளுவண்டிக்குப் போய்விடும். எனக்குப் 'பருந்து' என்று பட்டப்பெயர். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மழையில் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியை என் மனைவிதான் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்கு ஒழுக்கம் கற்றுக்கொடுக்கக் கிளம்பியவன் நான். அது பாதி சாப்பிடும்போது கிண்ணத்தை எடுப்பேன், சற்றுக் கழித்து வைப்பேன். வீட்டில் யார் பெரியவன் என்று அதற்குத் தெரிய வேண்டாமா? நன்றாகவே தெரிந்துகொண்டது. மூன்றாம் வாரம் என் காலடிச் சத்தம் கேட்டாலே கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து உறுமியது. நாலாம் வாரம் விரலைக் கடித்துவிட்டது.

ஊசி போட்டுக்கொண்டேன். காயம் பெரிதில்லை. ஆனால் எங்கள் மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள், கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து இழுக்கிற வயது. நாய் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். மனைவி அழவில்லை, சண்டையும் போடவில்லை. இரண்டு வாரம் மட்டும் கேட்டாள். அதுவரை நாய்க்குச் சாப்பாடு கதவைச் சாத்திய சமையலறையில் என்று முடிவாயிற்று.

கால்நடை மருத்துவர் என் விரலைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டார்.

"நீங்க கிட்ட வந்தா சாப்பாடு போயிடும்னு நீங்கதான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இனிமே நீங்க வந்தா கூடக் கொஞ்சம் கிடைக்கும்னு அது நம்பணும். அதுவரைக்கும் கிண்ணத்தைத் தொடாதீங்க" என்றார்.

அவர் சொன்னபடி ஆறடி தள்ளி நின்று, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதன் உடம்பு விறைத்தால் மறுவேளை இன்னும் ஓரடி பின்னால். பருந்து என்று பேர் வாங்கியவன் கையளவு குட்டிக்குப் பயந்து பின்வாங்குவதைக் கேன்டீன் ஆட்கள் பார்த்திருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். ஒரு வாரம் வரை அது என்னை நம்பவில்லை. ஒன்பதாம் நாள் உறுமல் நின்றது. பதினாலாம் நாள் நான் பக்கத்தில் போனதும் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கி, வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. மகளை அது சாப்பிடும் இடத்துக்கு இன்னும் விடமாட்டேன், ஆனால் நாயை எங்கும் அனுப்பப்போவதில்லை.

இதைச் சொல்லத்தான் கூடத்துக்கு ஓடினேன். மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் கையில் ஒரு அவித்த முட்டையும் எடுத்துப் போயிருந்தேன், அவளுக்கு வைக்கலாம் என்று. நான் மேசையை நெருங்கியதும் அவளுடைய இடது கை வந்து தட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

ஆறு வருடமாக அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"நான் எடுக்க வரலை" என்றேன்.

"தெரியும். கை தானா போகுது. கல்யாணமான புதுசுல பாதி நாள் பசியோடதான் எழுந்தேன். நான் சாப்பிட்டு முடிச்சுட்டேன்னு நினைச்சு நீங்க தட்டை எடுத்துட்டுப் போயிடுவீங்க. சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் பிடிச்சுக்கப் பழகிட்டேன்."

அவள் ஒரு நாளும் உறுமவில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை.

முட்டையை அவள் தட்டின் ஓரத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, ஆறடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.