மெதுவாகக் கரையும் மாத்திரை

காக்கிக் கால்சட்டை வாளித் தண்ணீருக்குள் உப்பி எழுகிறது, நான் அதை அமுக்குகிறேன், பக்கத்து வீட்டுக்காரி குழாயடிக்கு வருவதற்குள் அலசிவிட வேண்டும், என் வீட்டுக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டு கதவோரம் நிற்கிறார், இருபத்திரண்டு வருடம் சங்கரன்கோவில் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர், டிரைவர் நிறுத்துறதுக்குள்ள, என்று தொடங்கி மீதியை விழுங்குகிறார், சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள், மூன்று வாரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் புதருக்கு ஓடியிருக்கிறார், விசிலக் குடுத்துட்டு ஓடுங்க அண்ணாச்சி என்று பயல்கள் கத்தியிருக்கிறார்கள், அன்றைக்குப் புதர் வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது, நான் சொன்னேன், சொன்ன வாய் இதுதான், பேரன் பேத்தி எடுக்கிற வயசுல உங்களுக்குப் பீத்துணி கசக்கணுமா நான், அவர் சிரித்தார், அழுதிருந்தால் நான் மறந்திருப்பேன்.

வேலைய விடவா மாத்திரைய விடவா, நீயே சொல்லுட்டி, என்கிறார், இல்லன்னா டாக்டர்ட்ட சொல்லிப் பாப்பமா, என்று அவரே இழுக்கிறார், அந்த நர்ஸ் பிள்ளைக முன்னால இத வேற சொல்லணுமாக்கும், என்கிறேன், டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் லீவு போட்டு முழுங்குங்க, ரிசல்ட் நல்லா வந்தாச் சரிதான, எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான், பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒரு வாரம் பாகற்காயும் சப்பாத்தியும், ரத்தம் கொடுத்த கையோடு எதிர்க்கடையில் பூரி, இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் பாஸ், அந்தச் சீட்டை என் அக்காளிடம் காட்டிப் பீற்றிக்கொள்கிறேன், செருப்புக் கடித்த அவர் கால் பெருவிரல் கறுக்கிறது, வலிக்கலட்டி, என்கிறார், வலிக்காட்டா நல்லதுதான, என்கிறேன், விரல் போயிற்று, பாதம் போயிற்று, முழங்கால் போயிற்று, படுக்கையில் கிடந்த அந்த ஒரு மாதம் எல்லாத் துணியும் நான்தான் கசக்கினேன், கோவிச்சுக்காதட்டி, என்று சுவரைப் பார்த்துச் சொல்வார், சித்திரையில் அவரே போய்விட்டார்.

இப்போது எனக்கும் சர்க்கரை, அதே டாக்டர், அதே மாத்திரை, ஒரே வாரத்தில் வயிறு கலங்கிப்போய், இத விட்டுடுதேன் சார், என்று சொல்லத்தான் போனேன், டாக்டர் நிமிரவில்லை, வயித்தக் கலக்குதா, இதே மாத்திரைல மெதுவாக் கரையுறது இருக்குதும்மா, வயித்தப் படுத்தாது, சாப்பிட்டதும் போடுங்க, கேட்டாத்தானே எழுத முடியும், என்று எழுதிக் கொடுத்தார், அரை நிமிடம் ஆகியிருக்குமா, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தினமும் இட்லி தின்றதும் முழுங்குகிறேன், முழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளாவது புரளட்டும், ஒரு நாளாவது என்னையும் எழுந்து ஓட வைக்கட்டும் என்று, வயிறு சும்மா கிடக்கிறது, நன்றாக இருக்கிறேன், என்னை ஒன்றுமே செய்யவில்லை.