முதல் ஓட்டத்துக்கு எந்த ஆயில்?

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செய்த தப்பை வேறொருவர் தலையில் கட்டுவதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். தலைதான் கிடைக்கவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஆயில் கடைக்காரர் பொய் சொன்னார்.’ அவர் பொய் சொல்லவில்லை. இருப்பதிலேயே உசத்தியானது எது என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். எந்த எஞ்சினுக்கு என்று மட்டும் நான் சொல்லியிருந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

என் தங்கை மெக்கானிக். மெக்கானிக் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். பட்டறையில் நான்கு வருடமாக அவள் மற்றவர்கள் பிரித்துப்போட்ட பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் முதலாளி ஒரு வேனைக் காட்டி, “இந்த எஞ்சின நீயே தனியா பிரிச்சு மாட்டு, பாக்கலாம்” என்றார்.

பதினோரு நாள். சிலிண்டரைத் தேய்த்து, புது பிஸ்டன், அதைச் சுற்றிப் புது ரிங் போட்டு மாட்டினாள். ‘கனவிலும் போல்ட் எண்ணினாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். தூங்கினால்தானே கனவு.

3

இங்கே ஒரு பாடம் வருகிறது. (கதையில் பாடம் நடத்துகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. வேறு வழியில்லை.) புதிதாகக் கட்டிய எஞ்சினுக்கு முதல் ஓட்டத்தில் சாதாரண மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். புது ரிங்கும் சிலிண்டர் சுவரும் கொஞ்சம் உரசித் தேய்ந்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் ரொம்ப வழுக்கும், உரசவே விடாது. ரிங் செட் ஆகாமல் சுவர் மழமழவென்று ஆகிவிடும். அப்புறம் எஞ்சின் ஆயிலைக் குடித்து நீலப் புகை விடும்.*

* இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கதைக்காக என்று சொன்னேன்.

4

எஞ்சினை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் நாளில் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். நான் போனபோது வேனுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தாள். கால் மட்டும் தெரிந்தது.

“அண்ணா, பெஞ்சுல ஒரு டப்பா இருக்கு பாரு. அந்த ஆயில ஊத்திடு.”

பெஞ்சில் இருந்தது மலிவான மினரல் ஆயில். என் பையில் இருந்தது அவளுடைய முதல் எஞ்சினுக்கென்று ஆசையாக வாங்கிப்போன உசத்தி டப்பா. பெண்பிள்ளை செய்த வேலைக்கு இது போதும் என்று முதலாளி மட்டமானதைத் தள்ளிவிட்டிருக்கிறார் என நினைத்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னுடையதை ஊற்றிவிட்டு, அவளுடையதைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி நன்றாக ஓடட்டும், அப்புறம் சொல்லி அசத்தலாம் என்று எண்ணம்.

எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. அப்போது அவள் முகம் இருந்த விதத்தை ஒரு பத்தி வர்ணித்திருந்தேன். கிழித்துவிட்டேன். அதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

5

சில வாரங்களில் வேன் நீலப் புகையோடு திரும்பி வந்தது. முதலாளி வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பிரித்தார். அவர் சிலிண்டரை மறுபடி தேய்த்து, ரிங் மாற்றி, மினரல் ஆயில் ஊற்றினார். புகை நின்றது. அவர்கள் கணக்கில், அதே ஆயிலில் அவருக்கு ஓடுகிறது, இவளுக்கு ஓடவில்லை. இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? அவளை மறுபடி கழுவப் போகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழுவினாள். வேலையை விட்டுவிட்டாள்.

கழற்றிப்போட்ட ரிங்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்துகொண்டே இருந்தாள்.

“அளவெல்லாம் சரியாத்தாண்ணா இருக்கு. நான் எங்க தப்பு பண்ணேன்?”

“விடும்மா. எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

“நீ ஒருத்தன்தான் என்னத் திட்டல.”

அதற்குள் எனக்கு ஆயில் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். பெரிய மனதோடு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். என்னை எனக்கே பிடிக்காமல் போனது அன்றிலிருந்துதான்.

6

முடிவு ஒன்று: அண்ணன் உண்மையைச் சொல்கிறான். தங்கை அறைகிறாள், அழுகிறாள், பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டு வேலையைத் திரும்ப வாங்குகிறாள். நல்ல முடிவு. எழுதுகிறவனுக்கு முதுகெலும்பு வேண்டும்.

முடிவு இரண்டு: அவளே கண்டுபிடிக்கிறாள். இதில் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது. ஆனால் நடக்காது. அவள் உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படுவாள், என்னைத் தவிர.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். துணிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம், திங்கட்கிழமை சேரவேண்டுமாம்.

“என் ஸ்பானர் செட்ட யாருக்காவது குடுத்துடுண்ணா. என்னால முடியாது.”

“சரிம்மா” என்றேன்.

அவள் போன பிறகு

(இதற்கும் முடிவு இல்லை.)

இன்று சனிக்கிழமை. அவள் கதை படிக்கிறவள் இல்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்தத் திங்கட்கிழமை என்றைக்கோ போயிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும், ஏதாவது ஒரு துணிக்கடையில் விரல் இடுக்கில் கருப்பு போகாத ஒரு பெண் உங்களுக்குத் துணி எடுத்துப்போட்டால், அவளிடம் சொல்லுங்கள்: ரிங்கை அவள் சரியாகத்தான் மாட்டினாள்.