மாப்பிள்ளை சாப்பிட்டாரா?

மாப்பிள்ளை அன்று காலையும் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில், சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். மாப்பிள்ளை என்றால் கல்யாண மாப்பிள்ளை இல்லை. வெள்ளை வெளேரென்று, தலையணைக்குக் கால் முளைத்தது போல இருக்கும் ஓர் ஆண் பூனை. இருந்த இடத்தை விட்டு அசையாமல் எல்லாரிடமும் வேலை வாங்குவதால் மாஸ்டரின் தங்கச்சி அதற்கு வைத்த பெயர் அது. மரியாதையும் அதற்கு ஏற்ற மாதிரி 'அவர், இவர்' தான்.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகிவிட்டது. தட்டை எடுத்துவிட்டார்.

"வீம்பா? வச்சுக்கோ. நான் பார்க்காத வீம்பா?" என்றார் பூனையிடம்.

மாஸ்டர் நாய்களைப் பழக்குகிறவர். வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கூண்டுகள். வெளியூர் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாய்களும், கடிக்காமல் இருக்கவும் சொன்னதைக் கேட்கவும் கற்றுக்கொள்ள வந்த நாய்களும் அதில் இருக்கும். தீனி அறையில் மூடி போட்ட பெரிய டப்பாக்கள். பால் மறந்த குட்டிகளுக்கு ஒன்று, வளர்ந்த நாய்களுக்கு ஒன்று, சினைக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் ஒன்று, பல் தேய்ந்து உடம்பு பெருத்த கிழடுகளுக்குக் கொழுப்புக் குறைந்தது ஒன்று. எந்த வயதுக்கு எது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எப்போது குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன நாய்களுக்கு அவரிடம் ஒரே வைத்தியம்தான். தட்டை வை. கால் மணி நேரம் பார். தொடவில்லையா, எடுத்துவிடு. அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர் மட்டும். கறி இல்லாமல் வாயைத் திறக்காத நாயெல்லாம் மறுநாள் சாயங்காலத்துக்குள் வாலை ஆட்டிக்கொண்டு தட்டுக்கு வந்திருக்கிறது. இதுவரை ஒன்றுகூட அவரை ஏமாற்றியதில்லை.

தங்கச்சி தையல் கடை வைத்திருக்கிறாள். தனியாள். முதுகில் ஆபரேஷன் என்று தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். போவதற்கு முன் பூனையையும், அதன் தீனி மூட்டையையும், சில டின்களையும் அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டுப் போனாள். மாஸ்டர் பூனையைத் தூக்கிப் பார்த்தார். முதுகில் தையல் போட்டவள் திரும்பி வந்து இந்தப் பாறாங்கல்லை எப்படித் தூக்குவாள்? அவள் வருவதற்குள் இதை இளைக்க வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார். பாசம்தான், வேறொன்றுமில்லை. தீனி மூட்டை அலமாரிக்கு மேலே போயிற்று. பூனைக்கு வயது பதினொன்று என்பதால், கிழட்டு நாய்களின் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளித் தட்டில் போட்டார்.

"ஏங்க, அது பூனைங்க" என்றாள் மனைவி.

"நாலு கால், ஒரு வால், ஒரு வாய். என்ன பெரிய வித்தியாசம்? பசிச்சா தானா சாப்பிடும்."

அன்று சாயங்காலம் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. படுத்த வாக்கில் பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அண்ணா, மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

"ம், நல்லா சாப்பிட்டார்" என்றார் மாஸ்டர். நாளைக்கு எப்படியும் சாப்பிடத்தானே போகிறது, ஒரு நாள் முன்னாடி சொன்னால் என்ன என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் போனை வைத்த பிறகு ஏதோ ஒன்று உறுத்தியது. போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை அதே இடத்தில், அதே முதுகு.

மறுநாளும் அப்படியே போயிற்று. அதற்கு அடுத்த நாள் மனைவி அறையைப் பெருக்கப் போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். குரல் சரியில்லை. மாஸ்டர் கையிலிருந்த நாய்க்கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். பூனையின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தூக்கினார். எதிர்த்து நகத்தைக்கூடக் காட்டவில்லை, துணி மாதிரி கையில் தொங்கியது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து காதைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் மஞ்சள். உதட்டைத் தூக்கினார். ஈறும் மஞ்சள்.

நாய்க்கு இப்படி ஆனால் என்னவென்று மாஸ்டருக்குத் தெரியும். பூனைக்கு என்னவென்று தெரியாது. தெரியாது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கால்நடை டாக்டரம்மா அவருக்குப் பல வருடப் பழக்கம். தன்னிடம் வரும் அடங்காத நாய்களை மாஸ்டரிடம்தான் அனுப்புவார். பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கேட்டார்:

"கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

மாஸ்டர் சொன்னார். ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று.

"மாஸ்டர், நீங்களா இப்படிப் பண்ணினீங்க?" என்றார் டாக்டரம்மா. "நாய் காஞ்சு கிடந்தாலும் தாங்கும். பூனை உடம்பு வேற. சாப்பாடு நின்னா, உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு ஈரல்ல போய்க் குவிஞ்சிடும். அதுலயும் குண்டுப் பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். இளைக்க வைக்கணும்னா மாசக்கணக்குல, கொஞ்சம் கொஞ்சமா பண்ணணும். தீனியை மாத்துறதா இருந்தாலும் பழசுல புதுசைக் கலந்து கலந்துதான் மாத்தணும். நாய்த்தீனி அதுக்குப் போதவும் போதாது."

"இப்ப என்ன பண்றது டாக்டர்?"

"கழுத்து வழியா இரைப்பைக்குப் போற குழாய்ல ஒரு டியூப் வைக்கணும். அது வழியாத்தான் சாப்பாடு. மயக்க மருந்து கொடுக்கணும். இந்த நிலைமையில எழுந்திரிக்காமயே போனாலும் போகலாம். இது தங்கச்சி பூனைதானே, அவங்களுக்குத் தெரியுமா?"

"அவளே படுத்த படுக்கையா இருக்கா. இதைக் கேட்டா எழுந்து வந்தாலும் வந்துடுவா. நான் பொறுப்பு டாக்டர்."

"அது போயிட்டாலும் நீங்கதான் பொறுப்பா?"

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். எப்படி ஆரம்பித்தாலும் 'நான்' என்ற இடத்தில் வந்து நின்றது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தத்துக்கே எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் டாக்டரம்மா கதவைத் திறந்து, "கண்ணைத் திறந்துட்டார்" என்று சொன்னபோதுதான் உட்கார்ந்தார்.

பிழைத்தது, ஆனால் பிழைத்துவிட்டது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. கழுத்தில் கட்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய். மனைவி பூனைத்தீனியைக் கூழாகக் கரைத்து, கை பொறுக்கிற சூட்டில் கொண்டுவருவாள். மாஸ்டர் அதை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளுவார். வேகமாகத் தள்ளினால் வாந்தி வந்துவிடும். ஒரு தடவை வந்தும் விட்டது. அன்றைக்கு அவர் சிரிஞ்சைத் தொடவே பயந்து, அடுத்த வேளைக்கு அதை மனைவியிடம் கொடுத்துவிட்டார். இடுப்புயர நாய் பல்லைக் காட்டினாலும் அசராத மனுஷன், ஒரு பூனையின் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பின்னால் கூண்டுகளில் நாய்கள் குரைத்துத் தீர்த்தன. தீனி நேரம் தவறிப்போயிருந்தது.

சாயங்காலம் வந்தாலே அவருக்குப் பக்கென்று இருக்கும்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்." இப்போது இது முழுப் பொய்யும் இல்லை என்று சொல்லிக்கொண்டார்.

"ஒரு போட்டோ அனுப்பேன். பார்க்கணும் போல இருக்கு."

கழுத்துக் கட்டு தெரியாமல் எப்படி எடுப்பது? சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பின்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினார். வாலும் முதுகும்.

"என்னண்ணா, வாலை மட்டும் அனுப்பியிருக்கே?"

"திரும்ப மாட்டேங்கிறார். என்மேல கோபம் போல."

அவள் சிரித்தாள். சிரித்ததில் முதுகு வலித்து, "அம்மா" என்றாள். பிறகு, "கொஞ்சம் இளைச்சிட்டார் இல்ல?" என்று கேட்டாள். எந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று இத்தனையும் செய்தாரோ அதே வார்த்தை. மாஸ்டருக்கு அது நெஞ்சில் குத்தியது.

அடுத்த தடவை டாக்டரம்மா பூனையின் காதைத் திருப்பிப் பார்த்து, மஞ்சள் குறைந்திருக்கிறது என்றார். மாஸ்டர் பெருமூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா எத்தனை நாள் குழாய்லயே ஓட்டுறது? வாயைத் திறந்து தானா சாப்பிடணும். இந்த நேரத்துக்கு ஆசை வந்திருக்கணும், வரலை. உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க. வீட்ல எதுல வைப்பாங்க, எங்க வைப்பாங்க, எப்படிக் கொடுப்பாங்கன்னு. பூனைக்கு அதெல்லாம் தீனி மாதிரியே முக்கியம்."

"கேட்கிறேன்" என்றார். கேட்கவில்லை. கேட்காமலேயே சமாளித்துவிடலாம் என்று பார்த்தார். அலமாரி மேலிருந்த டின்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மீன் வேகவைத்தார், கோழி வேகவைத்தார். மாப்பிள்ளை எல்லாவற்றையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாஸ்டர் கெஞ்சினார். ஒரு பூனையிடம், மண்டி போட்டு, "சாமி, ஒரு வாய்" என்று கெஞ்சினார். அது கண்ணை மூடிக்கொண்டது.

அன்றைக்குப் போன் வந்தபோது ரொம்ப சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"பாப்பா, சும்மாத்தான் கேட்கிறேன். நீ அவருக்கு எப்படிச் சாப்பாடு வைப்பே?"

தங்கச்சி உடனே பிடித்துக்கொண்டாள்.

"அதான் நல்லா சாப்பிடுறார்னு தினமும் சொல்றியே. இப்ப எதுக்குக் கேட்கிறே?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பூனை கட்டிலுக்கு அடியில் மெதுவாக மூச்சு விட்டது. அவரால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அலமாரி மேல் ஏற்றிய மூட்டை, கிழட்டு நாய் டப்பா, எடுத்த தட்டுகள், மஞ்சள் காது, குழாய், வாலை மட்டும் எடுத்த போட்டோ. திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்று காத்திருந்தார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப எங்க இருக்கார்?"

"கட்டிலுக்கு அடியில."

"குழிவான தட்டுல வைக்காதே. மீசை இடிச்சா தொட மாட்டார். ஒரு டப்பா மூடியில தட்டையா வை. கொஞ்சம் எடுத்து முன்னங்கால்ல தடவி விடு. கால்ல எது ஒட்டினாலும் பொறுக்க மாட்டார், நக்கித்தான் ஆவார். நாக்குல பட்டுட்டா ருசி வந்துடும். உடம்பு சரியில்லாதப்ப எல்லாம் நான் அப்படித்தான் பண்ணுவேன்."

மாஸ்டர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சொன்னபடியே செய்தார். விரலில் எடுத்த கூழை வெள்ளைக் காலில் தடவினார்.

"தடவிட்டேன்."

"இப்ப நீ வெளியே போ."

"பக்கத்துல இருக்கேனே பாப்பா. புரை ஏறிடுச்சுன்னா?"

"போயிடுண்ணா. தலைக்கு மேல ஒருத்தர் நின்னு பார்த்துட்டே இருந்தா சோறு இறங்காது. எனக்கு இறங்கினதே இல்லை. சின்ன வயசுல காய் பிடிக்கலைன்னு நான் ஒதுக்கினா, கடிகாரத்தைப் பார்த்துட்டு நிப்பியே. அப்புறம் தட்டை எடுத்துட்டுப் போயிடுவே."

"மறுநாள் நீ சாப்பிட்டுடுவியே பாப்பா."

"பசியில இல்லைண்ணா. பயத்துல."

மாஸ்டர் எழுந்து வெளியே வந்தார். அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா போன பிறகு அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தவன் நான் என்பது ஒன்றுதான் அவர் தன் வாழ்நாளில் மார்தட்டிக்கொண்ட விஷயம். நாய் பழக்குகிற கலையையே அவளை வளர்த்ததில்தான் கற்றுக்கொண்டேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அவளும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

"அண்ணா, இருக்கியா?"

"இருக்கேன்."

உள்ளே ஏதோ சத்தம். ரொம்பச் சின்னதாக, ஈரமாக. மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டார். ஒரு தடவை. நின்றது. மறுபடியும்.

"நக்குறார் பாப்பா."

"மூடிக்கு வந்துட்டாரா?"

"தெரியலை. பார்க்கட்டுமா?"

"திரும்பாதே" என்றாள். கெஞ்சலா கட்டளையா என்று தெரியவில்லை.

மாஸ்டர் திரும்பவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே டப்பா மூடி தரையில் உரசிக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. எச்சில் கூட்டி விழுங்குகிற சத்தம். பிறகு மறுபடியும் உரசல்.

திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி, போனை அறைப் பக்கமாகப் பிடித்தார். தோள் வலித்தது. இறக்கவில்லை. அவளும் அங்கே கேட்டுக்கொண்டிருந்தாள்.