காயாத செடிக்கு நிவாரணம் இல்லை

அந்தக் கோடையில் மொரப்பூர்ப் பக்கம் போர்க்கிணறு எல்லாம் வற்றியதும், புத்தியுள்ளவர்கள் தக்காளித் தோட்டத்தைக் கைகழுவிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். செல்லிக்கு அந்தப் புத்தி இல்லை. ரோட்டோரக் கைப்பம்பில் தண்ணீர் அடித்து, குடம் குடமாகச் சுமந்து, செடிக்கு ஒரு சொம்பு என்று ஊற்றிக்கொண்டிருந்தாள். குடம் பட்டுப் பட்டு இடுப்பில் தோல் கன்றிப்போயிருந்தது.

மகள் யுவராணிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை கட்டாவிட்டால் நாத்தனார் மகன் மாதவராஜுக்குக் கட்டிவைத்துவிடுவது என்று பேச்சு. மாதவராஜுக்குக் குடியைத் தவிர வேறு தொழில் கிடையாது. தக்காளி பிழைத்தால் மகள் தப்பிப்பாள் என்றுதான் செல்லி அப்படிச் சுமந்தாள்.

அவள் புருஷன் தீர்த்தகிரி ஒரு குடத்தைத் தொட்டதில்லை. "பொணத்துக்கு குளுக்கோஸ் ஏத்தறா பாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தான்.

பிறகு வறட்சி நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. அதிகாரி ஒருவர் செல்போனோடு வந்தார். பக்கத்துத் தோட்டம் வெங்கடாசலத்துடையது. மொத்தமும் சருகு. வரப்பில் நின்றபடியே படம் எடுத்துப் பதிந்துகொண்டார். செல்லியின் தோட்டத்தில்தான் சாலுக்குச் சால் நடந்து பார்த்தார்.

"மூணுல ஒரு பங்குக்கு மேல கருகியிருந்தாத்தாம்மா நிவாரணம். உங்களுது அவ்ளோ கருகல. அருமையா காப்பாத்தி வச்சிருக்கீங்க."

பாராட்டோடு கிளம்பிவிட்டார். கட்டிலில் கால்நீட்டிப் படுத்திருந்த வெங்கடாசலத்துக்குப் பணம், இடுப்பு ஒடியச் சுமந்தவளுக்குப் பாராட்டு. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

செல்லிக்கு அப்போதும் கவலையில்லை. பிஞ்சு இறங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க. பாலக்கோடு மார்க்கெட்டுக்கு மொத பறிப்பு போனா பீசு கட்டிடலாம்" என்றாள் புருஷனிடம்.

தீர்த்தகிரிக்கோ வெங்கடாசலத்துக்கு வரப்போகும் பணம் கண்ணை உறுத்தியது. மறுபடி வந்து பார்க்கச் சொல்லி மனு கொடுத்தான். நாளைக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் வெள்ளாடுகளை அவிழ்த்துத் தோட்டத்துக்குள் விட்டான். செல்லி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்து முறுக்கி வரப்பிலேயே உட்காரவைத்தான்.

"வாயை மூடுடி. நோவாம பணம் வருது."

பொழுது சாய்வதற்குள் ஆடுகள் பிஞ்சு, இலை, கொழுந்து எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டன. மிச்சம் நின்றது குச்சிதான்.

மறுநாள் அதிகாரி வந்தார். மொட்டைக் குச்சிகளைப் பார்த்தார், கீழே பார்த்தார். சால் முழுக்க ஆட்டுப் புழுக்கை. ஊரில் நேற்று நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும், ஆடு மேய்ந்த இடத்தில் என்ன கிடக்கும் என்று. தீர்த்தகிரிக்கு அது தோன்றவில்லை.

"ஏங்க, வெயிலு புழுக்கை போடுமா?" என்றார் அதிகாரி. வேடிக்கை பார்க்க வந்திருந்த வெங்கடாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனு அங்கேயே தள்ளுபடி ஆனது.

காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் போய்விட்டது. தீர்த்தகிரி ரொம்ப வருந்தியதாகத் தெரியவில்லை. அன்றைக்கே அக்காளுக்குப் போன் போட்டுத் தட்டு மாற்ற நாள் பார்த்தான்.

தட்டு மாற்றும் நாளன்று உள்ளறையில் செல்லி மகளுக்குப் புடவை கட்டிவிட்டாள். வாசலில் மாதவராஜின் பைக் சத்தம் கேட்டது. யுவராணி வெடித்தாள். ஆட்டை அவிழ்த்துவிட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அப்பனைக் கேட்க அவளுக்குத் தைரியம் கிடையாது. கேட்க வாகாக இருந்தவள் அம்மாதான்.

"உன்னை யாரு தண்ணி ஊத்தச் சொன்னது? சும்மா வுட்டிருந்தா அதுவே காஞ்சிருக்கும். பணம் வந்திருக்கும். நான் காலேஜுக்குப் போயிருப்பேன். உன்னாலதான் எல்லாம்!"

கதவுக்கு வெளியே இருந்து தீர்த்தகிரியின் குரல் வந்தது. "அப்படிக் கேளு கண்ணு. நான் சொன்னா எங்க கேக்கறா?"

செல்லி குனிந்து, மகளின் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள்.